ராகேஷ் சர்மாவிலிருந்து ஆம்ஸ்ட்ராங் வரை, கூடப் பறந்தவர்கள் வழியாக எத்தனை கண்ணிகள்?

கேள்வி: சுண்ணக்கட்டி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றத்து மாணவர்கள் இந்தப் பருவத்தில் ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். ஒரு விண்வெளி வீரருக்கு ஓர் அட்டை. இருவர் ஒரே கலத்தில் சேர்ந்து பறந்திருந்தால் அவர்களுடைய அட்டைகளை நூலால் இணைக்க வேண்டும். வகுப்பின் பின்சுவரில் மூன்று தெர்மாகோல் பலகைகளை ஒட்டி, குண்டூசியால் அட்டைகளைக் குத்தி, தையற்கடையில் வாங்கிய சிவப்பு நூலைக் கட்டி வருகிறார்கள்.

ராகேஷ் சர்மாவின் அட்டையிலிருந்து தொடங்கி நீல் ஆம்ஸ்ட்ராங்கின் அட்டைக்கு நூல் வழியாகவே போய்ச் சேர முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். எளிய கேள்விதானே என்று நினைத்தேன். இரண்டு வாரங்களாக அதிலேயே நிற்கிறோம். சர்மாவுக்கு இரண்டு நூல்கள் இருக்கின்றன. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் அவருடன் சென்ற யூரி மாலிஷெவ் ஒருவர், கென்னாதி ஸ்ட்ரெக்காலோவ் மற்றவர். ஆம்ஸ்ட்ராங்குக்கு மூன்று நூல்கள். ஜெமினி 8 பயணத்தால் டேவிட் ஸ்காட், அப்பல்லோ 11 பயணத்தால் காலின்ஸும் ஆல்ட்ரினும். ஆல்ட்ரின் வழியாகப் போனால் லவெல் வருகிறார். லவெல்லிடமிருந்து போர்மன், ஆண்டர்ஸ், ஸ்விகெர்ட், ஹெய்ஸ் ஆகியோர் வருகிறார்கள். அத்துடன் வழி அடைந்துவிடுகிறது. ஸ்காட் வழியாகப் போனாலும் இதே கதைதான்.

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, இந்த இரு அட்டைகளுக்கும் இடையே உண்மையிலேயே வழி இருக்கிறதா? இரண்டாவது, "சேர்ந்து பறந்தார்கள்" என்பதற்கு எதைக் கணக்காகக் கொள்வது முறை? சேர்ந்து ஏறியதையா, சேர்ந்து இறங்கியதையா, ஒரே நிலையத்தில் தங்கியதையா? மாணவர்களுக்குத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

மறுமொழி: கோட்டுரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வழி இருக்கிறது. சேர்ந்து ஏறியவர்களை மட்டுமே கணக்கில் கொண்டாலும் ஆறு நூல்களில் போய்ச் சேரலாம்.

சர்மாவிடமிருந்து ஸ்ட்ரெக்காலோவுக்கு வாருங்கள். திறவுகோல் அவரிடம்தான் இருக்கிறது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1995 மார்ச் 14 அன்று, அவர் சோயுஸ் டிஎம்-21 கலத்தில் மிர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அக்கலத்தின் தளபதி விளாதிமிர் தெஷுரோவ். மூன்றாம் இருக்கையில் இருந்தவர் நார்மன் தாகார்ட். ரஷ்யக் கலத்தில் ஏறி விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். அந்தத் தாகார்ட் 1983 ஜூனில், சாலி ரைடும் சென்ற எஸ்டிஎஸ்-7 என்ற அமெரிக்க விண்வெளி ஓடப் பயணத்தில் ராபர்ட் கிரிப்பனின் தலைமையில் பறந்தவர். கிரிப்பன் 1981 ஏப்ரல் 12 அன்று, விண்வெளி ஓடத்தின் முதல் பயணத்தில், ஜான் யங்குக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர். யங் 1966 ஜூலையில் ஜெமினி 10 கலத்தில் மைக்கேல் காலின்ஸுடன் சென்றவர். காலின்ஸிடமிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு நூல் ஏற்கெனவே உங்கள் பலகையில் இருக்கிறது.

நடுவில் இன்னொரு பாதையும் உண்டு. ஜெர்மானியரான உல்ஃப் மெர்போல்ட் 1983இல் எஸ்டிஎஸ்-9 பயணத்தில் யங்கின் குழுவில் இருந்தார். 1992 ஜனவரியில் எஸ்டிஎஸ்-42 பயணத்தில் தாகார்ட்டுடன் சென்றார். ஆகவே கிரிப்பனுக்குப் பதிலாக மெர்போல்ட்டின் அட்டை வழியாகவும் யங்கை அடையலாம். நூல்களின் எண்ணிக்கை அப்போதும் ஆறுதான்.

நீங்கள் ஏன் இரண்டு வாரம் தவித்தீர்கள் என்பதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது. எனக்கு இந்தப் பலகையில் மிகவும் பிடித்த இடமும் அதுவே. ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து நூலைப் பிடித்துக்கொண்டு எல்லாத் திசைகளிலும் போய்ப் பாருங்கள். ஆல்ட்ரின், காலின்ஸ், ஸ்காட். ஸ்காட்டின் வழியாக அப்பல்லோ 9 குழுவின் மெக்டிவிட், ஷ்வைக்கார்ட், அப்பல்லோ 15 குழுவின் வோர்டன், இர்வின். மெக்டிவிட்டின் வழியாக ஜெமினி 4 கலத்தின் எட் வைட். ஆல்ட்ரினின் வழியாக லவெல். லவெல்லின் வழியாக நீங்கள் சொன்ன நால்வர். ஆம்ஸ்ட்ராங்கையும் சேர்த்தால் மொத்தம் 14 பேர். இந்தப் பதினால்வருக்கும் வெளியுலகத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு நூல், அதாவது காலின்ஸும் யங்கும் சேர்ந்து சென்ற ஜெமினி 10. அது 1966 ஜூலை 18 அன்று கிளம்பி 21 அன்று கடலில் இறங்கிய, மூன்று நாள்கூட முழுமையாக நிறையாத பயணம். அந்த நூலை அவிழ்த்துவிட்டால், நிலவில் முதலில் கால் வைத்தவரை மற்ற விண்வெளி வீரர்களோடு சேர்க்க வேறு வழியே கிடையாது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதப் பிரிவான கோட்டுருவியலில் இத்தகைய இணைப்புக் கோட்டைப் பாலம் என்றே அழைப்பார்கள். மாணவர்களிடம் அந்த ஒரு நூலை மட்டும் வேறு நிறத்தில் கட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக ஒரு பாலம் அமையவிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பல்லோ 13 குழுவில் லவெல், ஹெய்ஸ் ஆகியோருடன் செல்ல வேண்டியவர் கென் மாட்டிங்லி. மாற்றுக் குழுவில் இருந்த சார்லி டியூக்குக்கு ஜெர்மன் மணல்வாரி கண்டது. அவரோடு பழகிய மாட்டிங்லிக்கு அந்நோய்க்கான எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்ததால், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு அவரை நீக்கி ஸ்விகெர்ட்டை அமர்த்தினார்கள். ஸ்விகெர்ட் அதன்பின் பறக்கவில்லை. மாட்டிங்லியோ யங், டியூக் ஆகியோருடன் அப்பல்லோ 16 கலத்திலும், பின்னர் 1982, 1985 ஆண்டுகளில் விண்வெளி ஓடத்திலும் சென்றார். அவர் லவெல்லோடு போயிருந்தால், அவருடைய ஓடப் பயணங்கள் வழியாக அந்தப் பதினால்வரின் தீவுக்கு இன்னொரு கரைவழி கிடைத்திருக்கக்கூடும். கடைசியில் மாட்டிங்லிக்கு அந்த நோய் வரவே இல்லை.

மறுமொழி: பைக்கோனூர்

முந்தைய மறுமொழி மிக அருமை. நான் இரண்டாவது ஐயத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் சோவியத் பக்கத்து அட்டைகளில் விதியை மாற்றினால் படமே மாறிவிடும்.

அமெரிக்கக் கலங்களில் முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஏறியவர்களே இறங்கினார்கள். அங்கே குழப்பமே எழவில்லை. சோயுஸில் அப்படியில்லை. நிலையத்துக்குப் போனவர் வேறு கலத்தில், வேறு தோழர்களோடு திரும்புவது அங்கே வழக்கமான நடைமுறை. ஸ்ட்ரெக்காலோவையே எடுத்துக்கொள்வோம். 1990 ஆகஸ்டில் அவர் மனாக்கோவுடன் இருவராகக் கிளம்பினார். டிசம்பர் 10 அன்று இறங்கியபோது மூன்றாம் இருக்கையில் ஜப்பானியத் தொலைக்காட்சிச் செய்தியாளர் தொயோஹிரோ அகியாமா இருந்தார். அகியாமா ஏறியதோ அஃபனாசியேவ், மனாரோவ் ஆகியோருடன். 1995இல் சோயுஸில் ஏறிய ஸ்ட்ரெக்காலோவ், தெஷுரோவ், தாகார்ட் ஆகிய மூவரும் திரும்பியது அட்லான்டிஸ் ஓடத்தில். ஏழு பேரோடு கிளம்பிய அந்த ஓடம் எட்டுப் பேரோடு ஜூலை 7 அன்று தரையிறங்கியது. சேர்ந்து இறங்கியவர்களையும் கணக்கில் கொண்டால் சர்மாவிடமிருந்து அகியாமாவுக்கு இரண்டே நூல்கள். ஏறியவர்கள் மட்டும் என்றால் இன்னும் சுற்றிப் போக வேண்டும்.

விதி எவ்வளவு கனமானது என்பதைக் காட்ட ஓர் அட்டையைச் சொல்கிறேன். அது அலெக்சி லியோனோவின் அட்டை. விண்ணில் முதன்முதலாக நடந்த அந்த மனிதரின் நூல்களைப் பின்தொடருங்கள். 1965இல் அவருடன் சென்றவர் பாவெல் பெலியாயெவ். அவர் மறுபடி பறக்கவில்லை. 1975இல் உடன் சென்றவர் வாலேரி குபாசோவ். குபாசோவ் 1969இல் கியோர்கி ஷோனினுடன் சென்றார். ஷோனின் மறுபடி பறக்கவில்லை. 1980இல் ஹங்கேரியரான பெர்தலான் ஃபர்காஷைக் கூட்டிச் சென்றார். ஃபர்காஷும் மறுபடி பறக்கவில்லை. ஆக ஐந்து பேர், ஒரு தீவு. சேர்ந்து ஏறியது, சேர்ந்து இறங்கியது ஆகிய இரண்டு விதிகளுமே இந்த ஐவரைக் கரைசேர்க்க மாட்டா.

ஆனால் 1975 ஜூலை 17 அன்று அப்பல்லோவும் சோயுஸும் விண்ணில் இணைந்தன. இடையிலிருந்த கதவு திறந்தது. லியோனோவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் கைகுலுக்கினார்கள். இரு குழுவினரும் மாறி மாறி ஒருவர் கலத்துக்குள் மற்றவர் சென்று வந்தார்கள். இணைந்த கலங்களையும் நிலையங்களையும் ஒரே கூரையாகக் கொண்டால் லியோனோவிலிருந்து ஸ்டாஃபோர்ட், ஸ்டாஃபோர்டிலிருந்து அப்பல்லோ 10 வழியாக யங், அங்கிருந்து காலின்ஸ், ஆம்ஸ்ட்ராங் என்று நான்கே நூல்களில் நிலவுக்குப் போய்விடலாம். அந்தக் கைகுலுக்கலை விலக்கும் விதியை என் மனம் ஏற்கவில்லை. எனவே என் பரிந்துரை, விதி ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் மூன்று நிற நூல் வாங்குங்கள் என்பதுதான்.

இன்னொரு செய்தி. சர்மாவின் குழுவில் பொறியாளராக முதலில் நியமிக்கப்பட்டிருந்தவர் நிக்கலாய் ருக்கவிஷ்னிகோவ். அவருக்கு உடல்நலம் குன்றியதால்தான் ஸ்ட்ரெக்காலோவ் வந்தார். ருக்கவிஷ்னிகோவோடு பறந்த ஷத்தாலோவ், யெலிசேயெவ், ஃபிலிப்சென்கோ, இவானோவ் ஆகிய எவரும் அமெரிக்கரோடு சேர்ந்து ஏறியதில்லை. அவரே போயிருந்தால் உங்கள் மாணவியின் கேள்விக்கு ஆறு நூல்களில் விடை கிடைத்திராது.

சுண்ணக்கட்டி (கேட்டவர்)

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று பிற்பகல் ஆறு நூல்களையும் கட்டினோம். யங்கின் அட்டை பலகையின் நடுவில் இல்லாததால் கிரிப்பனிடமிருந்து வந்த நூல் மற்ற அட்டைகளின் முகத்தை மறைத்தது. அட்டையைப் பிடுங்கி நடுவில் குத்தியபோது, அதனோடு பன்னிரண்டு நூல்களும் இழுபட்டு நகர்ந்தன. அதைப் பார்த்த பிறகுதான் யங் யார் என்பது பிள்ளைகளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஜெமினி 10 நூல் இப்போது மஞ்சள் நிறத்தில் இருக்கிறது.

எஞ்சியிருப்பவை நூலே இல்லாத அட்டைகள். ககாரின், தெரெஷ்கோவா இருவரும் தனியே நிற்கிறார்கள். ஆலன் ஷெப்பர்டும் ஏறக்குறைய அப்படித்தான். இவற்றில் நாங்கள் எதையாவது தவறவிட்டோமா? கல்பனா சாவ்லாவைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

மறுமொழி: ஓடுபாதை

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ககாரின் பறந்தது ஒரே முறை, 108 நிமிடங்கள், தனியாக. 1967இல் கொமரோவின் சோயுஸ் 1 பயணத்துக்கு மாற்று வீரராக இருந்தார். 1968 மார்ச் 27 அன்று பயிற்சி விமான விபத்தில் மறைந்தார். தெரெஷ்கோவாவும் 1963இல் தனியாகச் சென்றதோடு சரி. அதே நாள்களில் பிகோவ்ஸ்கி இன்னொரு கலத்தில் சில கிலோமீட்டர் தொலைவுக்கு வந்தார், வானொலியில் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் கூரை வேறு. இந்த அட்டைகள் நூலின்றி நிற்பதே சரி.

ஷெப்பர்டின் நிலை வேறு. 1961இல் தனியாகப் பறந்தார். 1971இல் அப்பல்லோ 14 கலத்தில் எட்கர் மிட்செல், ஸ்டுவர்ட் ரூசா ஆகியோருடன் நிலவுக்குச் சென்றார். அந்த இருவருக்கும் அதுவே முதலும் கடைசியுமான பயணம். ஆகவே மூன்று அட்டைகள், மூன்று நூல்கள், வெளியே எதுவுமில்லை. இப்படி நேர்ந்ததற்குப் பின்னால் அவருடைய உட்காது இருக்கிறது. ஜெமினி திட்டத்தின் முதல் குழுப் பயணத்துக்கு முதலில் குறிக்கப்பட்டவர்கள் ஷெப்பர்டும் ஸ்டாஃபோர்டும்தான். மெனியர் நோய் என்ற தலைசுற்றல் ஷெப்பர்டைத் தரையில் உட்கார வைத்தது. அந்த இருக்கைகள் கிரிஸ்ஸமுக்கும் யங்குக்கும் போயின. யங்கின் முதல் பயணம் அப்படித்தான் வந்தது. ஷெப்பர்ட் அன்று ஸ்டாஃபோர்டோடு போயிருந்தால், பலகையில் மிக நெருக்கமான பகுதியில் இருந்திருப்பார்.

இதே வகையில் இன்னும் இரண்டு மூவர் தீவுகளைக் கட்டலாம். ஒன்று 1964இன் வஸ்ஹோத் 1, அதாவது கொமரோவ், ஃபியோக்திஸ்தோவ், யெகோரோவ். மற்றொன்று ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தின் கடைசிக் குழுவினரான கார், கிப்சன், போக். 84 நாள் ஒன்றாக வாழ்ந்த அம்மூவரும் வேறு எவரோடும் பறக்கவில்லை. ஸ்கைலேபில் ஒரு குழு இருக்கும்போது இன்னொன்று வந்ததில்லை என்பதால் நிலைய விதியும் அவர்களுக்கு உதவாது.

இனி ஜான் கிளென். 1962 பிப்ரவரி 20 அன்று தனியாகப் பறந்தவர். 36 ஆண்டுகள் ககாரினைப் போலவே நூலின்றி நின்ற அட்டை அது. 1998 அக்டோபர் 29 அன்று, 77ஆம் வயதில், எஸ்டிஎஸ்-95 ஓடத்தில் மேலும் அறுவரோடு ஏறினார். ஒரே நாளில் ஆறு நூல்கள். விண்வெளி ஓடம் இந்தப் பலகைக்குச் செய்தது இதுதான். மூவர் கலம் மூன்று நூல் தரும். எழுவர் ஓடமோ 21 தரும். அந்தப் பயணத்தில் ஓடத்தின் விமானியாக இருந்த ஸ்டீவன் லிண்ட்சே, 1997 நவம்பரில் எஸ்டிஎஸ்-87 பயணத்தில் கல்பனா சாவ்லாவுடன் சென்றவர். எனவே சாவ்லாவிலிருந்து கிளென்னுக்கு இரண்டே நூல்கள். 2003இல் கொலம்பியாவில் உயிரிழந்த எழுவரில் மெக்கூல், டேவிட் பிரவுன், கிளார்க், ராமோன் ஆகிய நால்வருக்கும் அது முதல் பயணம். அவர்களுடைய அட்டைகளை மற்ற எல்லோரோடும் சேர்த்துப் பிடித்திருப்பவர்கள் சாவ்லா, ஹஸ்பண்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் மட்டுமே.

மறுமொழி: கோட்டுரு

சுபான்ஷு சுக்லாவையும் சேர்த்துவிடுங்கள். 2025 ஜூன் 25 அன்று ஆக்ஸியம்-4 பயணத்தில் அவருக்குத் தலைமை தாங்கியவர் பெக்கி விட்சன். விட்சன் தம் முதல் நீண்ட தங்கலை முடித்து 2002 டிசம்பரில் திரும்பிய எஸ்டிஎஸ்-113 ஓடத்தின் தளபதி ஜிம் வெதர்பீ. வெதர்பீ 1995இலும் 1997இலும் விளாதிமிர் தித்தோவோடு பறந்தவர். தித்தோவ் 1983 ஏப்ரலில் சோயுஸ் டி-8 கலத்தில் ஸ்ட்ரெக்காலோவோடு சென்றவர். ஆக சுக்லா, விட்சன், வெதர்பீ, தித்தோவ், ஸ்ட்ரெக்காலோவ், சர்மா என்று ஐந்து நூல்கள். விட்சனுக்கும் வெதர்பீக்கும் இடையே இருப்பது மட்டும் சேர்ந்து இறங்கிய நூல் என்பதால் அதை உங்கள் இரண்டாவது நிறத்தில் கட்ட வேண்டும்.

தித்தோவும் ஸ்ட்ரெக்காலோவும் அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று மறுபடி ஒரே கலத்தில் அமர்ந்தார்கள். ஏவுதளத்திலேயே ராக்கெட் தீப்பற்றியது. தப்பிப்புக் கோபுரம் அவர்களைக் கலத்தோடு பிய்த்தெடுத்துக் காப்பாற்றியது. விண்வெளியைத் தொடாததால் அதற்கு நூல் கிடையாது. ஹெய்ஸும் ஃபுல்லர்டனும் 1977இல் எண்டர்பிரைஸ் ஓடத்தைக் காற்றுவெளியில் ஓட்டிச் சோதித்ததற்கும் இதே விதிதான். அதைச் சேர்த்தால் ஜெமினி 10 தனிப் பாலமாக இராது; ஆசை இருந்தாலும் சேர்க்க முடியாது.

சுண்ணக்கட்டி (கேட்டவர்)

விண்வெளியைத் தொட்டால்தான் நூல் என்ற விதியை இன்று காலை பிள்ளைகளிடம் சொன்னேன். சேலஞ்சரில் சென்ற எழுவரில் ஸ்கோபி, ரெஸ்னிக், ஒனிசுக்கா, மெக்நேர் ஆகிய நால்வர் முன்பே பறந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு அட்டைகள் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று 73ஆவது வினாடியில் ஓடம் சிதைந்துவிட்டதால், மைக்கேல் ஸ்மித், கிரெகரி ஜார்விஸ், ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் ஆகிய மூவருக்கும் அந்த விதிப்படி அட்டையே கிடையாது.

முதலில் சர்மாவைப் பற்றிக் கேட்ட அந்த மாணவி இதற்கு ஒப்பவில்லை. மூன்று அட்டைகளையும் தானே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினோம். இறுதியில், விதியை மாற்றுவதில்லை என்றும் அட்டைகளை எடுப்பதில்லை என்றும் முடிவாயிற்று. சேலஞ்சரின் எழுவருக்கும் இடையே 21 வெள்ளை நூல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கணக்கு எண்ணும்போது வெள்ளையை விட்டுவிட வேண்டும் என்று பலகையின் ஓரத்தில் அவளே எழுதி வைத்திருக்கிறாள்.